உலகைக் காப்பாற்றிய பிறகும் ஏன் எடுபிடி வேலை? ஆன்லைன் விளையாட்டுக் கதைகளின் வேகம் பற்றி

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டை இலவசக் கணக்கில் ஆடுகிறீர்கள். 50-ஆம் லெவல் வந்து, கடைசிப் பெரிய எதிரியான அல்டிமா வெப்பனை வீழ்த்தி, திரையில் பெயர்ப் பட்டியலும் ஓடி முடிந்துவிட்டது. இனிமேல்தான் கதை சூடுபிடிக்கும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பி உட்கார்ந்தால், மூன்று வாரமாக "அவரிடம் போய்ப் பேசு, அந்தப் பெட்டியைக் கொண்டு வா, திரும்பப் போய்ச் சொல்" என்று எடுபிடி வேலைதான். சந்தாக் காசுக்காக வேண்டுமென்றே இழுக்கிறார்களா, தாண்டிப் போனால் ஏதாவது இழப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தக் குவெஸ்டை, அதாவது விளையாட்டு தரும் எந்தப் பணியைத் தவிர்க்கலாம் என்ற பட்டியலை நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். என் நேரத்தை மதிக்கிறார்களா இல்லையா என்றுதான் கேட்கிறீர்கள். நான் ஆறு ஆண்டுகள் ஒரு மொபைல் ஆன்லைன் விளையாட்டுக்குக் குவெஸ்ட் எழுதியவன். நீங்கள் ஆடும் ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ 2014 முதல் விட்டு விட்டு ஆடி வருகிறேன். அதனால் இரண்டு பக்கமும் நின்று பதில் சொல்ல முடியும்.

இந்த வகை விளையாட்டுகளில் சில்லறைக் குவெஸ்ட் ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் பெயரில்தான் குவெஸ்ட் இருந்தது. லெவல் ஏறுவதற்கு நாலைந்து பேர் சேர்ந்து ஓர் இடத்தில் நின்று, திரும்பத் திரும்ப முளைக்கும் மிருகங்களைக் கொன்றுகொண்டே இருக்க வேண்டும். 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அதை மாற்றியது. ஒரே இடத்தில் நிற்காதே, ஊர் ஊராகப் போ, ஒவ்வொரு ஊரிலும் உனக்கு ஒரு காரணம் தருகிறேன் என்றது. தனியாக ஆடுபவரும் லெவல் ஏற முடிந்தது. அன்றைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அன்றிலிருந்து குவெஸ்டுக்கு இரண்டு எஜமானர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கதை, மற்றவர் லெவல். லெவலுக்கு ஏணிப்படி மாதிரி சம இடைவெளியில் குவெஸ்ட் வேண்டும். எந்தக் கதையும் சம இடைவெளியில் நடப்பதில்லை. கதை இல்லாத படிகளில் எதையாவது வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே பிறந்ததுதான்.

செய்தவர்களுக்கும் இது தெரியும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் குவெஸ்டுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜெஃப் கேப்லன், 2009-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் தங்கள் குழு செய்த தவறுகளைப் பற்றி விரிவாகப் பேசினார். ஊருக்குள் நுழைந்ததும் மரத்தில் விளக்கு தொங்கவிட்ட மாதிரி குவெஸ்ட் தரும் எல்லார் தலையிலும் ஆச்சரியக்குறி மின்னினால், ஆடுபவர் எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார், அதோடு கதை செத்தது என்றார். ஒரு குவெஸ்டின் உரை 511 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்று தாங்கள் வைத்திருந்த வரம்பைப் பற்றியும் சொன்னார். ஸ்ட்ராங்கிள்தார்ன் காட்டில் சிதறிப் போன ஒரு புத்தகத்தின் பக்கங்களைத் தேடிச் சேர்க்கும் குவெஸ்ட்தான் அந்த விளையாட்டிலேயே மிக மோசமானது, அதைச் செய்தவன் நானே என்று மேடையில் ஒப்புக்கொண்டார். நான் குவெஸ்ட் எழுதத் தொடங்கியபோது முதலில் படிக்கச் சொன்னது அந்த உரையின் குறிப்புகளைத்தான்.

என் அலுவலகத்தில் ஒரு பெரிய அட்டவணை இருந்தது. 1 முதல் 40 வரை லெவல்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்ற கணக்கு, எதிரே அதை நிரப்பும் குவெஸ்டுகள். 18-க்கும் 22-க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. கதையின் அடுத்த பெரிய திருப்பம் 22-இல், அதற்குரிய காட்சியும் தயார். நடுவில் நான்கு மணி நேர ஆட்டம் வெறுமையாகக் கிடந்தது. புதிய மிருகம் செய்யப் பணம் இல்லை, புதிய இடம் இல்லை, குரல் கொடுக்க ஆளில்லை. மீதி இருந்தது எழுத்து மட்டும்தான். பேச்சு எழுதி, ஏற்கனவே நிற்கும் ஆள் வாயில் போட்டு, ஏற்கனவே மேயும் ஓநாயைக் கொல்லச் சொன்னால் ஒரு குவெஸ்ட் ஒரே நாளில் தயாராகிவிடும். கட்சீனோடு, அதாவது நடுவில் ஓடும் கதைக் காட்சியோடு கூடிய குவெஸ்ட் என்றால் அசைவு, கேமரா, ஒலி, ஒவ்வொரு மொழிக்கும் குரல்பதிவு என்று மாதக்கணக்கில் போகும். ஆக, சில்லறைக் குவெஸ்ட் பெரும்பாலும் திட்டமிட்ட ஏமாற்று இல்லை, கையில் இருப்பதை வைத்துப் பள்ளத்தை மூடுவது. இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூடியவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பள்ளத்துக்காக நான் எழுதிய பதினோரு குவெஸ்டுகளில் பத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் நான்கு வருடம் கழித்தும் கேட்டார்கள். ஆற்றங்கரையில் ஒரு படகோட்டிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்று முறை. முதல் முறை வாங்கிக் குடிப்பார். இரண்டாவது முறை பசிக்கவில்லை என்பார். மூன்றாவது முறை போனால் படகு மட்டும் கரையில் கிடக்கும், கஞ்சியை அதில் வைத்துவிட்டு வர வேண்டும். செலவு மற்ற பத்துக்கும் ஆன அதே செலவுதான். வேலையும் அதே "கொண்டுபோய்க் கொடு". என்ன வித்தியாசம் என்று அப்போது பல நாள் யோசித்தேன். மற்ற பத்தில், செய்து முடித்த பிறகு எதுவும் மாறியிருக்காது. ஓநாய் மீண்டும் முளைக்கும், அதே ஆள் அதே இடத்தில் நின்று அதே மூலிகையை அடுத்தவரிடம் கேட்பார். இதில் ஓர் ஆள் இல்லாமல் போனார். அன்று முதல் ஒரு குவெஸ்ட் வெறும் நிரப்பலா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: முடித்த பிறகு ஊரிலோ, ஓர் ஆளிடமோ, ஆடுபவர் மனதிலோ ஏதாவது மாறியதா? வேலை சின்னதா பெரிதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

சரி, உங்கள் விளையாட்டுக்கு வருவோம். நீங்கள் தாண்டி வந்துவிட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். டைட்டனோடு மோதும் முன் கோஸ்டா டெல் சோலில் நடந்த விருந்து நினைவிருக்கிறதா? தீவையே ஆட்டும் ஒரு பூதம் வரப் போகிறது. அதை முன்பு வென்ற பழைய வீரர்களோ ஒயின் கொண்டு வா, சீஸ் கொண்டு வா என்று உங்களை ஊர் முழுக்க அலைய விட்டார்கள். கடைசியில் எல்லாம் உன்னைச் சோதிக்கத்தான் என்றார்கள். இந்த விளையாட்டை ஆடிய அத்தனை பேரும் இதைப் பற்றிப் புலம்பியிருப்பார்கள், அந்தப் புலம்பல் நியாயமானது. அவசரம் என்று கதை சொல்கிறது, அவசரம் இல்லை என்று குவெஸ்ட் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் ஆடுபவர் கதையை நம்புவதை விட்டுவிடுவார். சோதனைதான் என்று பிறகு சொல்வதால் போன நம்பிக்கை திரும்பாது.

ஆனால் அதற்கு அடுத்து நடந்ததையும் பாருங்கள். டைட்டனை வென்று திரும்பினால், உங்கள் குழுவின் தலைமையகமான வேக்கிங் சாண்ட்ஸ் முழுக்கப் பிணங்கள். அதன் பிறகு விளையாட்டு உங்களைச் சண்டைக்கு அனுப்பவில்லை. இறந்தவர்களைக் கிழக்குத் தனாலனில் உள்ள ஆதாமா லாந்தாமா தேவாலயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அங்கேயே தங்கி, அந்தச் சின்ன ஊருக்குச் சில்லறை வேலைகள் செய்தீர்கள். வேலையாகப் பார்த்தால் ஒயின் தேடியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் இங்கே மெதுவாகப் போவது சரியாகப் பொருந்துகிறது. துக்க வீட்டில் யாரும் ஓட மாட்டார்கள். கல்லறை வேலை செய்யும் அந்த ஞாபகம் இழந்த ஆள் யார் என்று தெரியவரும்போது, அந்த மந்தமான ஒரு மணி நேரத்துக்கு நடுவில்தான் கதை மறுபடி மூச்சு விடுகிறது. ஒயின் தேடியதை வெட்டினால் கதைக்கு நஷ்டமே இல்லை. தேவாலயத்தை வெட்டினால் அந்த மரணங்களுக்கு எடை இருக்காது.

இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்த விளையாட்டின் அடிப்படைப் பகுதியான எ ரெல்ம் ரீபார்ன் 2013 ஆகஸ்டில் வெளியானது. நீங்கள் ஆடும் பகுதி அதோடு சேர்ந்து வந்ததில்லை. 2.1 முதல் 2.55 வரை எண்ணிட்ட பேட்ச்களாக, அதாவது புதுப்பிப்புகளாக, 2013 டிசம்பரிலிருந்து 2015 மார்ச் வரை, சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. அன்றைய ஆட்டக்காரர் ஒரு பேட்சின் கதையை ஒரு வார இறுதியில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். அதனால் ஒவ்வொரு பேட்சும் எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி, போன முறை நடந்ததை நினைவூட்டி, ஒவ்வோர் ஊரின் தலைவரையும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் நகரும். வார இதழ்த் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்து வீட்டில் வைத்திருப்பார்கள், படித்திருக்கிறீர்களா? வாரம் ஒன்றாகப் படித்தபோது தித்தித்த அத்தியாயம், ஒரே மூச்சில் படித்தால் சொன்னதையே சொல்வது போல இருக்கும். நீங்கள் ஒன்றே கால் வருடத் தொடரை மூன்று வாரத்தில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அலுப்பு உங்கள் குறை இல்லை. எழுதியவர்களின் கைக்குறை என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. காத்திருப்பவருக்கு அளந்து எழுதியது, காத்திருக்காதவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2.0-இல், அதாவது முதல் வெளியீட்டில், வேக்கிங் சாண்ட்ஸுக்கு உங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியதும் இந்த நினைவூட்டல் பழக்கத்தின் இன்னொரு முகம். அது இருந்த வெஸ்பர் பே ஊரில் டெலிபோர்ட் கல்லே கிடையாது. ஒவ்வொரு முறையும் ஹொரைசனில் இறங்கி ஓட வேண்டும். 2.1-இல் தலைமையகத்தை ரெவனன்ட்ஸ் டோலுக்கு மாற்றியதும் கல் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரு கதையின் வேகம் எழுத்தில் மட்டும் இல்லை, இறங்கும் இடத்துக்கும் பேச வேண்டிய ஆளுக்கும் எத்தனை அடி தூரம் என்பதிலும் இருக்கிறது.

நிறுவனம் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்யவும் முயன்றது. 2020 ஆகஸ்டில் வந்த 5.3 பேட்சில், எ ரெல்ம் ரீபார்னின் மெயின் கதைக் குவெஸ்டுகளில் சுமார் 13 சதவீதத்தை வெட்டினார்கள். முன்பு அந்த இடைப்பகுதியில் மட்டும் ஏறக்குறைய 100 குவெஸ்ட் இருந்தது, இப்போது 80-ஐ ஒட்டி நிற்கிறது. அதே பேட்சில் பழைய நிலப்பகுதிகளில் பறக்கவும் அனுமதித்தார்கள். அல்டிமா வெப்பனை முடித்துவிட்டீர்கள் அல்லவா, அப்படியானால் நீங்களும் பறக்கலாம். இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். வெட்டியதே போதாது என்பது என் அபிப்பிராயம். இன்னும் ஒரு பதினைந்து குவெஸ்ட் போயிருந்தாலும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால்? அதையும் சிலர் செய்து பார்த்தார்கள். ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் விளையாட்டில் எட்டு வகுப்புகளுக்கும், அதாவது பாத்திர வகைகளுக்கும், தனித்தனிக் கதை உண்டு. 2014 இறுதியில் சந்தாதாரர்களுக்கு வகுப்புக் கதைக் குவெஸ்டுகளில் மட்டும் 12 மடங்கு அனுபவப் புள்ளி கொடுத்தார்கள். கிளைக் குவெஸ்ட் ஒன்றுகூடச் செய்யாமல் கதையை மட்டும் ஆடி முடிக்கலாம். நானும் இரண்டு வகுப்புகளை அப்படி முடித்தேன். கதை கூர்மையாக இருந்தது, ஒரு திருப்பம்கூட நழுவவில்லை. ஆனால் கிரகங்கள் கண்ணில் பதியவில்லை. ஒவ்வொன்றும் நான் கடந்து போன ஒரு நடைபாதை. அந்த ஊர் அழிந்தால் எனக்கு என்ன என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. இது என் ஒருவன் அனுபவம்தான், எல்லாருக்கும் அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் சில்லறை வேலை கதையில் எதைச் செய்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. ஓர் ஊரில் நாலு பேருக்கு உதவிய பிறகுதான் அது நம் ஊர் ஆகிறது.

அதற்கு நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் பிந்தைய விரிவாக்கமான ஷேடோபிரிங்கர்ஸ் தொடக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் சில மணி நேரங்களில் வரும் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லப் போகிறேன், வேண்டாம் என்றால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். பாலைவனத்தில் ஒரு விடுதி. குணமாகாத நோயாளிகளைக் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே உங்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று, ஒரு நோயாளிக்காகச் சந்தைக்குப் போய்ப் பழம் வாங்கி வருவது. கோஸ்டா டெல் சோலில் சீஸ் தேடிய அதே வகை வேலை. ஆனால் அந்த விடுதியில் பிடித்த உணவு எப்போது, எதற்காகப் பரிமாறப்படுகிறது என்று பிறகு தெரியவரும். நீங்கள் கையில் தூக்கி வந்த பழத்தின் எடை அப்போது மாறிவிடும். ஒரு சண்டை இல்லை, பெரிய காட்சி இல்லை. ஷேடோபிரிங்கர்ஸ் 2019-இல் வந்தது, அதன் கதைக்குத் தலைமை எழுத்தாளர் நட்சுகோ இஷிகாவா. எடுபிடி வேலையை ஒழிக்காமல் அதற்கு அர்த்தம் கொடுத்த எழுத்து அது.

வேண்டுமென்றே இழுக்கிறார்களா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. சந்தா விளையாட்டில் ஆடுபவர் அடுத்த மாதமும் இருந்தால் லாபம் என்பது உறுதி. ஆட்டக்காரர்கள் தீர்க்கும் வேகத்தில் யாராலும் கதை தயாரிக்க முடியாது என்பதும் உறுதி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு குவெஸ்டும் எந்த எண்ணத்தோடு வைக்கப்பட்டது என்பது ஊகம்தான். நான் வேலை செய்த இடத்தில் "இன்னும் இரண்டு நாள் இழுங்கள்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள், அது எனக்கு இன்றும் கசக்கிறது. ஆனால் ஃபைனல் ஃபேன்டஸி 14 பற்றி அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. எதிர்த்திசையில் ஓர் அடையாளம் இருக்கிறது: 2023-இல் ஸ்டார்ம்பிளட் என்ற விரிவாக்கம் வரை, 70-ஆம் லெவல் வரை இலவசக் கணக்கில் திறந்துவிட்டார்கள். நீங்கள் ஆடும் இந்தப் பகுதி முழுக்க அதற்குள் அடக்கம். இழுத்தாலும் உங்களிடமிருந்து இதில் ஒரு ரூபாய்கூட வராது.

தாண்டலாமா என்றால், வேண்டாம் என்பேன், ஆனால் ஆடும் முறையை மாற்றுங்கள். மெயின் கதைக் குறியீடு உள்ளவற்றை மட்டும் செய்யுங்கள். சாதாரண ஆச்சரியக்குறி போட்ட பக்கக் குவெஸ்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு விடலாம், ஒரு வேலைக்கு (இந்த விளையாட்டில் பாத்திர வகையை அப்படித்தான் சொல்வார்கள்) மெயின் கதையே போதுமான அனுபவப் புள்ளி தருகிறது. நீலக் குறியீடு உள்ளவை புது வசதிகளைத் திறப்பவை, அவற்றை விடாதீர்கள். அப்புறம், முக்கியமாக, ஒரு பேட்சின் கதை முடிந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். எப்படித் தெரியும் என்றால், எங்கோ இருட்டில் எதிரிகள் பேசிக்கொள்ளும் காட்சியோ, பெரிய முடிச்சு ஒன்றோ விழும். அன்றோடு போதும். அடுத்த இரண்டு நாள் பலர் சேர்ந்து ஆடும் கிரிஸ்டல் டவரை ஆடுங்கள், அது எப்படியும் இப்போது கட்டாயம். இல்லாவிட்டால் நகைச்சுவைக் கிளைக்கதையான ஹில்டிபிராண்ட் குவெஸ்டுகளை எடுத்துச் சிரித்துவிட்டு வாருங்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரருக்குக் கிடைத்த மூன்று மாத இடைவெளியில் ஒரு துளியாவது உங்களுக்கும் கிடைக்கட்டும். பேச்சை வேகமாகத் தட்டினாலும் பரவாயில்லை, மூன்று விஷயத்தில் மட்டும் கண் வையுங்கள்: தோமா நாட்டிலிருந்து வந்த அகதிகள், உல்தா நகரத்தின் பணக்காரக் குழு, உங்கள் தோழன் அல்ஃபினோ திரட்டும் புதிய படை. 2.55-இன் கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் முழுக்க இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று இங்கே யாராவது எழுத வந்தால் படிக்காதீர்கள்.

அதைத் தாண்டினால் இஷ்கார்டு நகரம் திறக்கும். உள்ளே போனதும் பில்லர்ஸ் பகுதியில் டார்க் நைட் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், 30-ஆம் லெவலில் தொடங்கும், இலவசக் கணக்கிலேயே கிடைக்கும். வேறு எந்த வேலை பிடித்திருந்தாலும் சரி, அதன் கதையை 50 வரையாவது ஆடுங்கள். ஃப்ரே என்று ஒருவர் உங்களோடு கூட வருவார். ஊருக்கு உழைத்த வீரனைப் பிடித்து இதைத் தூக்கு, அதைக் கொண்டு வா என்று வேலை வாங்கும் ஒவ்வொருவர் மீதும் அவருக்கு அடங்காத கோபம். இன்று நீங்கள் இங்கே வந்து எழுதியிருப்பதை, கிட்டத்தட்ட இதே எரிச்சலோடு, அவர் விளையாட்டுக்குள் நின்று சொல்வார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரியும் நாளில், இந்த மூன்று வாரமும் உங்களுக்குக் கூடவே வரும்.